வராதவர்களுக்காக ஒரு கச்சேரி

ஹெவி மெட்டல் குழு ஒன்றின் லைவ் ஆல்பத்தில் முதல் பாட்டு மும்பையில் பதிவானது. அந்த ஆல்பத்தின் கதை மைசூர் அரண்மனையின் பழைய கதை ஒன்றைக் கிளறுகிறது.

மைசூர் என்றதும் மல்லிகை, பட்டு, பாகு, சந்தன சோப்பு, தசரா யானை எல்லாம் நினைவுக்கு வரும். ஹெவி மெட்டல் வராது. வீணை சேஷண்ணாவும் வாசுதேவாச்சாரும் நடமாடிய ஊருக்கும், கறுப்பு பனியன் அணிந்து தலைமுடியைச் சுழற்றி ஆடுபவர்களின் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் ஒரு நிலத்தில் இருக்கிறது. 2007 மார்ச் 17, சனிக்கிழமை மாலை. உலகின் முன்னணி ஹெவி மெட்டல் குழுக்களில் ஒன்றான அயர்ன் மெய்டன் முதல் தடவையாக இந்தியாவில் மேடையேறியது. இடம், பெங்களூர் அரண்மனை மைதானம். 1873ல் பள்ளி முதல்வர் காரெட் பாதிரியாரிடமிருந்து, அப்போது சிறுவனாக இருந்த மைசூர் இளவரசருக்காக ஆங்கிலேயக் காப்பாளர்கள் 40 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய சொத்து அது. பிறகு மைசூர் உடையார் குடும்பத்தின் கைக்கு வந்து, 1996ல் மாநில அரசு கையகப்படுத்தச் சட்டம் இயற்றி, நீதிமன்ற வழக்காக நீண்ட நிலம். வழக்கு ஒரு பக்கம் நடக்க, கல்யாணங்களும் கண்காட்சிகளும் கச்சேரிகளும் இன்னொரு பக்கம் நடந்தன.

அன்று மாலை நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கியவர்களுக்கு வழக்கைப் பற்றிக் கவலையில்லை. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மூன்று நாள் பயணம் செய்து வந்தவர்கள் உண்டு. சென்னை, கோவை, கொச்சி ரசிகர்களுக்கு ஓர் இரவுப் பயணம். சுமார் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மைசூர்க்காரர்களுக்கோ திப்பு எக்ஸ்பிரஸில் ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும் தூரம். (அந்த ரயிலுக்கு 2022ல் உடையார் எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றினார்கள். மைசூரில் எதையும் வரலாற்றிலிருந்து பிரிப்பது கஷ்டம்.) டில்லியின் பரிக்ரமா குழு முதலில் வாசித்தது. அதைக் கேட்ட மெய்டன் தரப்பு, அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவுக்கு அவர்களை அழைத்தது. இருபது ஆண்டுகளாகக் கேஸட்டிலிருந்து கேஸட்டுக்குப் பிரதி எடுத்துக் கேட்ட குரலை, அது வரும் தொண்டையோடு சேர்த்துப் பார்க்க வந்த கூட்டம் அது.

அந்தத் தொண்டைக்குச் சொந்தக்காரர் புரூஸ் டிக்கின்சன். 1958ல் பிறந்தவர். 1981ல் குழுவில் சேர்ந்து, 1993ல் விலகி, 1999ல் திரும்பியவர். ஆங்கில இசைப் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப் பெயர், விமானத் தாக்குதல் அபாயச் சங்கு. கேலியாகத் தொடங்கிப் பாராட்டாக முடிந்த பெயர். உச்ச ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடியபடியே அதை விடாமல் நிறுத்துவது அவருடைய வித்தை. அலறல் என்று ஒதுக்குபவர்கள் ஒரு முறை கவனித்துக் கேட்டால் மூச்சுக் கணக்கு புரியும். ஐரோப்பிய ஆபராப் பாடகர்களின் சாயல் அதில் இருப்பதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

பெங்களூர்க் கச்சேரி முடிந்தது. ஆனால் அது ஆல்பமாகவில்லை. அந்தப் பயணத்துக்கே லைவ் ஆல்பம் எதுவும் வரவில்லை. ஊர்ப் போட்டியில் மும்பைக்கு அடித்தது யோகம்.

அடுத்த ஆண்டு, 2008 பிப்ரவரி 1 அன்று, குழு தன் புதிய உலகச் சுற்றுப்பயணத்தை மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் தொடங்கியது. 45 நாளில் 23 கச்சேரிகள். மும்பையில் ஆரம்பித்து ஆஸ்திரேலியா, ஜப்பான், மெக்ஸிகோ, தென் அமெரிக்கா என்று சுற்றிக் கனடாவின் டொரான்டோவில் முடிவு. சாதாரணமாக இப்படி ஒரு வழித்தடத்தை எந்தக் குழுவும் போடாது. காரணம் எளிய வணிகக் கணக்கு. மேடை அலங்காரம், விளக்குகள், ஒலிபெருக்கிகள் எல்லாவற்றையும் கப்பலில் அனுப்பினால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும், விமானச் சரக்கில் அனுப்பினால் டிக்கெட் வசூல் அதற்கே போய்விடும். இந்தியாவும் தென் அமெரிக்காவும் இத்தனை ஆண்டுகள் ஒதுக்கப்பட்டதற்கு ரசிகர் பஞ்சம் காரணமல்ல, சரக்குக் கட்டணம்தான் காரணம்.

இதற்கு டிக்கின்சன் கண்ட வழி விசித்திரமானது. அவர் பாடகர் மட்டுமல்ல, அஸ்ட்ரேயஸ் என்ற ஆங்கிலேய விமான நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய பைலட்டும் கூட. போயிங் 757 விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பின்பகுதி இருக்கைகளைக் கழற்றிவிட்டு சுமார் 12 டன் சாமான்களை ஏற்றி, முன்பகுதியில் குழுவையும் தொழிலாளர்களையும் உட்கார வைத்து, விமானி அறையில் அவரே அமர்ந்தார். பகலில் விமானி, இரவில் பாடகர். விமானத்தின் வறண்ட காற்று பாடகரின் தொண்டைக்கு நல்லதல்ல என்பது கச்சேரிக்காகப் பறந்த நம் ஊர் வித்வான்களுக்கும் தெரியும். 49 வயதில் அவர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

அந்தப் பயணத்தைக் கனடாவைச் சேர்ந்த சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன் இருவரும் படமாக்கினார்கள். டன் மானுடவியல் படித்தவர். பழங்குடிகளைப் போய் ஆராய்வதற்குப் பதில் தன் சொந்தக் குலமான ஹெவி மெட்டல் ரசிகர்களை ஆராயக் கிளம்பியவர். ‘ஃப்ளைட் 666’ என்ற அந்தப் படம் 2009 ஏப்ரலில் திரைக்கு வந்தது. அடுத்த மாதம் அதே பெயரில் லைவ் ஆல்பம் வெளியானது. அதன் அமைப்புதான் புதுமை. பதினாறு பாட்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில் பதிவானது. இரண்டாவது பாட்டு மெல்போர்ன், மூன்றாவது சிட்னி, நான்காவது டோக்கியோ. முதல் பாட்டான ‘ஏசஸ் ஹை’ மும்பை. உலகெங்கும் விற்ற அந்த ஆல்பத்தைப் போட்டவுடன் காதில் விழும் முதல் ஆரவாரம், ஒரு வெள்ளிக்கிழமை இரவில் பாந்த்ராவில் கூடிய இந்தியக் கூட்டத்துடையது.

அதற்கு முன் ஒரு குரல் வருகிறது. சர்ச்சில்.

1940 ஜூன் 4 அன்று டன்கர்க் பின்வாங்கலுக்குப் பிறகு அவர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரையின் ஒரு பகுதி, குழுவின் கச்சேரிக்கு முன்னுரை. அடுத்து வரும் பாட்டு அதே ஆண்டு லண்டன் வானத்தில் ஜெர்மன் விமானங்களோடு மோதிய ஆங்கிலேய விமானியைப் பற்றியது. ஆக, இந்திய சுதந்திரத்தைக் கடைசி வரை எதிர்த்த மனிதரின் குரல் மும்பையில் ஒலிக்க, வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய நகரத்தின் பேரப்பிள்ளைகள் உற்சாகமாகக் கூச்சலிடுகிறார்கள். இதில் அரசியல் முரண்பாட்டைத் தேடலாம். கூட்டத்துக்கு அது தோன்றியிருக்காது. அவர்களுக்கு அந்த உரை, பல்லவி தொடங்கப்போகிறது என்பதற்கான தம்புரா சுருதி. 1985ல் வந்த குழுவின் பழைய லைவ் ஆல்பத்திலும் அதே வரிசைதான். கேஸட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது.

இன்னொரு முரண்பாடு இதைவிட சுவையானது. உலகம் கேட்டுப் பழகிய அந்தச் சர்ச்சில் குரல் நாடாளுமன்றத்தில் பதிவானதல்ல. 1940ல் அவையில் ஒலிப்பதிவு கிடையாது. அன்று இரவு ரேடியோவில் செய்தி வாசிப்பவர்தான் அதன் பகுதிகளைப் படித்தார். சர்ச்சில் அந்த உரையைத் தன் வீட்டில் உட்கார்ந்து இசைத்தட்டுக்காகத் திரும்பப் படித்தது 1949ல். நேரில் நடந்ததை நடந்தபடி தருவதாகச் சொல்லும் லைவ் ஆல்பத்தின் வாசலிலேயே, ஒன்பது ஆண்டு கழித்துச் செய்த மறுபதிவு நிற்கிறது.

லைவ் ஆல்பம் என்ற வகைக்கே இந்தச் சந்தேகம் கூடப் பிறந்தது. எந்திர ஏற்பாடு இப்படி. மேடையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி மைக். ஒவ்வொரு மைக்கின் ஒலியும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று ரசிகர்களை நோக்கிய ஒலிபெருக்கிக்கும், மற்றது பதிவு எந்திரத்துக்கும் போகிறது. கூட்டத்தின் ஆரவாரத்துக்கென்று தனி மைக்குகள் மேடையோரத்தில் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். எல்லாம் தனித்தனி இழைகளாகப் பதிவாவதால், பிறகு ஸ்டூடியோவில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். ஓர் இழையை அப்படியே எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாகப் பாடியும் ஒட்டலாம். சபலம் அங்கேதான்.

சபலத்துக்கு ஆளானவர்கள் சாதாரணமானவர்களல்ல. ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழு 1979ல் டோக்கியோவில் பதிவு செய்து வெளியிட்ட ‘அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்’ ஹெவி மெட்டலின் மகத்தான மேடைப் பதிவுகளில் ஒன்று என்று கொண்டாடப்பட்டது. ராப் ஹால்ஃபோர்டின் குரல் அதில் கண்ணாடி போல இருந்தது. அளவுக்கு மீறியே கண்ணாடி போல இருந்தது. கிழக்கில் அவிழ்த்து விட்டதல்ல, ஸ்டூடியோவில் அவிழ்த்து விட்டது என்று ரசிகர்கள் தலைப்பையே திருத்திக் கிண்டலடித்தார்கள். தொண்டை கெட்டிருந்ததால் குரலைப் பின்னால் ஸ்டூடியோவில் பாடிச் சேர்த்ததை ஹால்ஃபோர்டே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பிளாக் சபாத் குழுவின் கதை இன்னும் மோசம். 1982ல் பதிவான மேடைக் கச்சேரியை ஸ்டூடியோவில் சரிசெய்கையில், பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ மற்றவர்கள் இல்லாத நேரத்தில் உள்ளே நுழைந்து தன் குரலின் அளவை ஏற்றிவிடுகிறார் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. டியோ மறுத்தார். ஆல்பம் வெளிவரும் முன்பே குழு உடைந்தது. மிருதங்கக்காரரின் மைக்கை யார் குறைத்தது என்று சபாக்களில் நடக்கும் சண்டையை அறிந்தவர்களுக்கு இது ஒன்றும் அன்னியமாகத் தோன்றாது.

அப்படியானால் எதற்காக லைவ் ஆல்பம்? அதே பாட்டு ஸ்டூடியோவில் பிசிறில்லாமல் பதிவாகிக் கடையில் கிடைக்கிறதே? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், பாதை மைசூருக்கே திரும்புகிறது.

ஜெயசாமராஜேந்திர உடையார் 1940ல், 21 வயதில் மைசூர் அரியணை ஏறினார். சாகித்யகர்த்தா என்ற முறையில் கர்நாடக இசை ரசிகர்களுக்கு அவரைத் தெரியும். வாசுதேவாச்சாரிடம் பயின்று, ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கீர்த்தனைகள் இயற்றியவர். சென்னைவாசிகளுக்கு 1964லிருந்து 66 வரை அவர் தங்கள் கவர்னராக இருந்த நினைவு இருக்கலாம். ஆனால் அவருடைய முதல் காதல் மேற்கத்திய பியானோ. லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் பட்டயம் பெற்றவர். பியானோ கலைஞராகவே வாழ விரும்பியவரை அரியணை தடுத்துவிட்டது என்பார்கள். கைக்கு எட்டாததைக் காதுக்காவது கொண்டுவர முடிவு செய்தார். உலகில் வந்த இசைத்தட்டுகளை எல்லாம் வாங்கினார். அவரிடம் 20 ஆயிரம் தட்டுகள் இருந்ததாக அந்தக் காலச் செய்திகள் சொல்கின்றன.

வாங்குவதோடு நிற்கவில்லை. தான் கேட்க விரும்பிய இசை தட்டில் கிடைக்கவில்லையென்றால், பணம் கொடுத்துப் பதிவு செய்யவைத்தார். லண்டனில் வறுமையில் காலம் தள்ளிய ரஷ்ய இசைமேதை நிகோலாய் மெட்னரின் படைப்புகளுக்காக மைசூர் பணத்தில் ஒரு சங்கமே உருவானது. நோயாளியான மெட்னர் தானே பியானோவில் அமர்ந்து வாசித்துப் பதிவு செய்தார். நன்றிக்கடனாகத் தன் மூன்றாவது பியானோ கன்செர்டோவை மைசூர் மகாராஜாவுக்குக் காணிக்கையாக்கினார். 1951ல் காலமான அவருடைய வாசிப்பு இன்று உலகத்துக்குக் கிடைப்பதில் மைசூர் கஜானாவுக்குப் பெரும் பங்குண்டு.

ஈ.எம்.ஐ. கம்பெனியின் தயாரிப்பாளர் வால்டர் லெக்கை மகாராஜா மைசூருக்கே வரவழைத்தார். முப்பது வயதுகூட ஆகாத மன்னர், கற்பனைக்கு எட்டிய தட்டுகளெல்லாம் அடுக்கிய நூலகம், வரிசையாக ஒலிபெருக்கிகள், பல கிராண்ட் பியானோக்கள் என்று தான் கண்ட அதிசயத்தைப் பிற்காலத்தில் லெக் எழுதினார். லெக் தொடங்கியிருந்த ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் வீதம் மூன்று ஆண்டு தருவதாக மகாராஜா ஒப்புக்கொண்டார். அந்த இசைக்குழுவின் கச்சேரி அமைப்புக்கு முதல் தலைவரும் அவரே. இந்தியா சுதந்திரமடைந்து, சமஸ்தானங்கள் கரைந்துகொண்டிருந்த நேரம் அது. மன்னராட்சி முடியும் தறுவாயில் ஓர் இந்திய மன்னர், போரில் நொந்து போன லண்டனின் இசைக்குழு ஒன்றை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். இந்தச் செலவு நியாயமா என்று அன்றைய மைசூர்ப் பிரஜை கேட்டிருந்தால் அதில் தவறு சொல்ல முடியாது.

1950 மே 22. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கம். முந்தைய ஆண்டு காலமான ஜெர்மன் இசைமேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் கடைசியாக எழுதிவைத்த நான்கு பாட்டுகளின் அரங்கேற்றம். பாடியவர் நார்வேயின் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட். தன் பாட்டுகளை அவரே முதலில் பாட வேண்டும் என்பது ஸ்ட்ராஸின் விருப்பம். நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். ஃப்ளாக்ஸ்டாடுக்கு வயது 54. நூறு வாத்தியங்களுக்கு மேலே மைக் இல்லாமல் எழும் கனத்த குரல் அவருடையது. அன்றைய நிகழ்ச்சியின் மற்ற பகுதிகள் வாக்னருடையவை. வாக்னரைத் தங்கள் பாட்டனார் என்று உரிமை கொண்டாடும் ஹெவி மெட்டல்காரர்கள் பலர் உண்டு என்பதால், அந்த மேடைக்கும் பாந்த்ரா மேடைக்கும் உறவுமுறை சொல்ல முடியும்.

அந்த நான்கு பாட்டுகள் நிகழ்ச்சியில் இடம்பெறுவதற்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா. அவரால் லண்டனுக்குப் போக முடியவில்லை. ஆகவே கச்சேரியைப் பதிவு செய்து மைசூருக்கு, அவருடைய சேகரத்துக்கு, அனுப்புவது என்று ஏற்பாடு. அரங்கில் ஆயிரக்கணக்கானோர் இருக்க, பதிவு எந்திரம் ஓடியது, எங்கோ எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிச் சாமுண்டி மலையடிவாரத்தில் இருந்த ஒரு மனிதருக்காக.

அந்தக் கச்சேரியின் பதிவு பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வெளியில் வந்தது. கேட்டவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். பதிவின் மூலம் அசிட்டேட் தட்டுகள். ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும் ரகம். கரகரப்பு, இரைச்சல், தூரத்தில் எங்கோ ஒலிக்கும் வயலின்கள். அதே பாட்டுகளைப் பிறகு எத்தனையோ பாடகிகள் துல்லியமாக ஸ்டூடியோவில் பாடித் தந்துவிட்டார்கள். இருந்தும் இசை ஆர்வலர்கள் அந்தக் கரகரப்புத் தட்டைத் தேடிப் போகிறார்கள். மற்ற பதிவுகளில் பாட்டு இருக்கிறது, இதில் அந்த இரவு இருக்கிறது. அந்தப் பாட்டுகளை அதுவரை உலகில் எந்த அரங்கமும் கேட்டதில்லை என்ற நிலை, முதல் சுரம் ஒலிக்கும் கணத்தில் முடிந்துபோவதை அதில் கேட்கலாம்.

தமிழ் ரசிகர்களுக்கு இந்த ருசி புதிதல்ல. ஜி.என்.பி.யின் பழைய கச்சேரி நாடாக்களை, ஸ்பூலிலிருந்து கேஸட்டுக்கும் கேஸட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கும் மாற்றிப் பாதுகாத்தவர்கள் தெளிவான ஒலிக்காக அதைச் செய்யவில்லை. முன்வரிசையில் யாரோ ‘பேஷ்’ போடுவதும், பக்கவாத்தியக்காரர் சிரிப்பதும், ஆலாபனைக்கு நடுவே குழந்தை அழுவதும் அதில் சேர்த்திதான். 1971ல் நியூயார்க்கில் நடந்த வங்காள தேச நிதிக் கச்சேரியின் ஆல்பத்தில் ரவிசங்கர் சிதாருக்குச் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டுகிறது. சுருதி சேர்த்ததையே கச்சேரி என்று நினைத்துவிட்டார்கள். தயாரிப்பாளர்கள் அதை வெட்டவில்லை. நல்ல வேளை.

சத்தம் என்ற குற்றச்சாட்டுக்கும் மைசூரில் ஒரு பதில் உண்டு. திருமகூடலு நரசிபுரத்தில் பிறந்து மைசூரில் வளர்ந்த சௌடய்யா, 1927ல் தன் வயலினுக்கு ஏழு தந்திகள் பூட்டினார். மைக் இல்லாத காலத்தில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பதுதான் காரணம். சம்பிரதாயவாதிகள் முகம் சுளித்தார்கள். பின்வரிசை சுளிக்கவில்லை. பிறகு 1957ல் சென்னை அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. டிக்கின்சனின் முதுகுக்குப் பின்னால் சுவர் போல அடுக்கிய ஒலிபெருக்கிகளுக்கும் அடிப்படைக் காரணம் அதே பின்வரிசைதான். அளவு மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது.

‘ஃப்ளைட் 666’ ஆல்பத்தின் மும்பைப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டால் குறைகள் தெரியும். சுற்றுப்பயணத்தின் முதல் இரவு, முதல் பாட்டு. ‘ஏசஸ் ஹை’ டிக்கின்சனின் பாட்டுகளிலேயே கடினமானவற்றில் ஒன்று. எடுத்த எடுப்பில் வேகம், பல்லவியில் உச்ச ஸ்தாயி, மூச்சு விட இடமில்லை. தொண்டை சூடேறுவதற்கு முன்பே அதைப் பாடியாக வேண்டும். 1984ன் ஸ்டூடியோ பதிவில் இருக்கும் பளபளப்பு இதில் இல்லை. சில இடங்களில் சுரத்தைத் தொடும் முன்பே விட்டுவிடுகிறார், சில இடங்களில் தள்ளிக்கொண்டு போய்த் தொடுகிறார். எல்லாவற்றையும் தைத்துச் சரிசெய்ய வசதி இருக்கும் காலத்தில் இந்தத் தையல் தெரியாத பிசிறுகள் மிஞ்சியிருப்பதே ஆல்பத்தின் நேர்மைக்குச் சான்று. அதே ஆல்பத்தில் சில வாரம் கழித்துப் பதிவான தென் அமெரிக்கப் பாட்டுகளில் குரல் இன்னும் திடமாக நிற்கிறது. சாந்தியாகோவிலும் புவனோஸ் அயர்ஸிலும் கூட்டம் கிட்டார் மெட்டையே கோரஸாகப் பாடுகிறது. மும்பைக் கூட்டத்துக்கு அந்தப் பழக்கமில்லை. அது வெறுமனே கத்துகிறது. ஆனால் இத்தனை நாள் காத்திருந்த கத்தல் என்பது கேட்டால் தெரியும்.

கோல்ரிட்ஜின் நெடுங்கவிதையை வைத்துப் பின்னிய, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு ஒன்றும் ஆல்பத்தில் இருக்கிறது. அது நியூஜெர்சி இரவு. பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் அந்தக் கவிதையோடு மல்லுக்கட்டியவர்கள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

பெங்களூருக்கு ஆறுதல் வராமலில்லை. மெய்டன் 2009 பிப்ரவரி 15 அன்று அதே அரண்மனை மைதானத்துக்கு, அதே சுற்றுப்பயணத்தின் கடைசிக் கட்டத்தில், திரும்பி வந்தது. ‘ஃப்ளைட் 666’ பதிவு அதற்குள் முடிந்திருந்தது. 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா வந்தது. இரண்டு நாள் முன்பு டில்லியை அடுத்த குர்காவ்ன் கச்சேரி ரத்தாகி, ரசிகர்கள் மேடையை உடைத்த கலவரத்துக்குப் பிறகு பெங்களூரில்தான் முதல் தடவையாக அவர்களை இந்தியா கேட்டது. தன் கச்சேரிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து விற்பதை 2004லிருந்து வழக்கமாக வைத்திருக்கும் குழு அது. அரண்மனை மைதானத்து இரவும் அப்படி விற்பனைக்கு வந்தது. லண்டன் அரங்கத்து ஒலியை மைசூருக்கு வரவழைக்க ஜெயசாமராஜேந்திர உடையார் பணம் கட்டி அறுபத்தோரு ஆண்டு கழித்து, அவருடைய மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையாரின் காலத்தில், குடும்ப நிலத்தின் ஒலி உலகத்துக்குப் போனது. தந்தைக்குப் பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். வாக்னர் பிடித்திருந்ததே.

டிக்கின்சனுக்கு 2015ல் நாக்கின் அடியில் புற்றுநோய்க் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. கதிர்வீச்சும் மருந்துமாகச் சிகிச்சை. குரல் மிஞ்சுமா என்று யாரும் உறுதி சொல்லாத சில மாதங்கள். குணமாகி 2016ல் திரும்பப் பாட வந்தார். அந்த மாதங்களில் ரசிகர்களுக்குத் துணையாக இருந்தவை அவருடைய மேடைப் பதிவுகள். அவற்றில் சுமார் ஐந்து நிமிடம் மும்பையுடையது. அது முடிந்து அடுத்த பாட்டு தொடங்குகையில் கேட்பவர் மெல்போர்னுக்கு வந்துவிடுகிறார். நடுவில் ஒரு விமானம் இந்தியப் பெருங்கடலைத் தாண்டியிருக்கிறது. ஓட்டியவரும் பாடகரேதான்.